வீட்டுக்காரருடைய மெஷின்

குறட்டை விடுகிற ஆண்பிள்ளைக்கு அதில் பெரிய வெட்கம் ஒன்றும் கிடையாது. விருந்துக்குப் போன வீட்டில் சோபாவிலேயே சாய்ந்து தெருவை எழுப்புவான். விழித்ததும், "கொஞ்சம் அசந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தே தாரேக் டீ கேட்பான். பெண்பிள்ளைக்கு அப்படி இல்லை என்பது செல்வராணிக்கு ஐம்பத்தோரு வயதில் நன்றாகத் தெரிந்திருந்தது.

பத்து பாகாட் என்ற ஊரில் பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவள் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறாள். காலர் தைக்கச் சேர்ந்தவள், இப்போது நாற்பது தையல் மெஷின்கள் ஓடும் வரிசைக்கு சூப்பர்வைசர். கண்டிப்பானவள் என்று பெயர். பொத்தான் துளை ஒரு நூல் விலகியிருந்தாலும் சட்டை திரும்பிப் போகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தப் பெண்ணாவது கண் செருகினால், இரும்பு ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு. "ராத்திரி எல்லாம் ஹேண்ட்ஃபோனா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். அந்தப் பெண் அன்றைக்கு முழுக்க நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குச் சில வருடங்களாக ஒரு தொல்லை. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கியதாகவே இருக்காது. காலையில் தலையில் கல்லை வைத்தாற்போல் ஒரு வலி. மாதாந்திரக் கூட்டத்தில் மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வரும். மேசைக்கடியில் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வயதாகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பெனி ஆண்டுச் சுற்றுலாவுக்கு மெர்சிங் போய், அங்கிருந்து படகேறி ஒரு தீவில் ஒரு இரவு தங்கினார்கள். ஓர் அறைக்கு ஆறு பெண்கள். மறுநாள் திரும்பும் படகில் யாருடைய ஃபோனிலிருந்தோ ஒரு சத்தம் கேட்டது. பாரம் ஏற்றிய லோரி மேட்டில் முக்குவது போன்ற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு தண்ணீருக்குள் மூழ்கிய ஆள் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்குவதுபோல் ஒரு இழுப்பு. படகே சிரித்தது. செல்வராணியும் சிரித்தாள். அது தன்னுடைய சத்தம் என்று புரிந்த பிறகும் சிரிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று தோன்றியது. மெர்சிங் படகுத்துறைக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள். திங்கட்கிழமை வரிசையில் அவளுக்கு 'லோரி அக்கா' என்று பெயர் விழுந்திருந்தது. நேரில் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேலைத் தட்டும்போது முன்பு இருந்த பயம் யார் முகத்திலும் இல்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் லோஷினி சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். நடந்ததைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை.

"மா, அது வெறும் கொறட்ட இல்ல. போன வாரம் நீங்க சோபாவுல தூங்கறப்ப நான் பார்த்தேன். நடுவுல நீங்க மூச்சே விடல. எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு செகண்ட்."

"பைத்தியம் மாதிரி பேசாத. மூச்சு விடாம இருந்தா நான் எப்படி உசுரோட இருக்கேன்?"

"அதத்தான் டாக்டர்கிட்ட கேட்கப் போறோம்."

டாக்டர் விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் கருவி மாட்டி ஓர் இரவு தூங்க வைத்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்கிறது. மணிக்கு நாற்பத்தோரு முறை மூச்சு தடைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் மூளை விழித்து அவளை இழுத்துப் பிடிக்கிறது. பிறகு எப்படி அது தூக்கமாக இருக்கும் என்று கேட்டார். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஒரு சிறிய மெஷின் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். இதுதான் சிகிச்சை. லோஷினி மெஷினை வாங்கிக் கொடுத்தாள்.

முதல் இரவு, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை வைத்ததுபோல் இருந்தது. பத்து நிமிடத்தில் பிய்த்தெறிந்தாள். இரண்டாம் நாள் மூக்கு காய்ந்து எரிந்தது. மூன்றாம் நாள் காற்றை விழுங்கி வயிறு உப்பியது. இரண்டு வாரம் கழித்து மெஷினை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனபோது, தூக்க சிகிச்சைப் பிரிவில் இருந்த ரொஹானா அதிலிருந்த, போட்ட நேரத்தைப் பதிந்துவைக்கும் கார்டை உருவிக் கணினியில் போட்டாள். செல்வராணி தினமும் போடுவதாகச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் வந்துவிட்டது. ஓர் இரவுக்குச் சராசரி முப்பத்தைந்து நிமிடம்.

ரொஹானா திட்டவில்லை. அக்கா என்பதற்கு மலாயில் காக் என்று அழைத்து மெதுவாகக் கேட்டாள்: "காக், இத ராத்திரிதான் போடணும்னு யார் சொன்னா? பகல்ல போடுங்க. நாற்காலியில உட்கார்ந்து டிவி பாருங்க. மொதல்ல வெறும் மாஸ்க். அப்புறம் குழாய். அரை மணி நேரம் போதும். மூளைக்கு இது எதிரி இல்லன்னு தெரியட்டும்."

அப்படியே செய்தாள். மாலை நாடகம் பார்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொண்டாள். வார்களை உட்கார்ந்தபடி இறுக்காமல், படுத்துக் காற்று வரும்போது சரிசெய்யக் கற்றுக்கொண்டாள். முகம் படுத்தால் வேறு வடிவம் எடுக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. மெஷினில் இருந்த சிறிய தொட்டியில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினால் மூக்கு காய்வதில்லை. காற்று முதலில் மெதுவாகத் தொடங்கி, தூங்கிய பிறகு ஏறும்படி வைக்க ஒரு பொத்தான் இருந்தது. ஆறாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். தலை வலிக்கவில்லை. இடையில் ஒருமுறை கூட எழுந்திருக்கவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல் சிறிது நேரம் அசையாமலே படுத்திருந்தாள்.

உடம்பு தேறியது. வெட்கம் தேறவில்லை. மெஷின் பகலெல்லாம் கட்டிலுக்கடியில், பழைய சேலைகள் வைத்த பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அது இருப்பது கணவர் மனோகரனுக்கும் மகளுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும்தான் தெரியும். மனோகரன் தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். பூனை மாதிரி சத்தமில்லாமல் தூங்குவார். உறவினர் யாராவது தங்க வந்தால் செல்வராணி மாஸ்க் போடாமல், தூங்காமல், விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "எதுக்கு இப்படி உன்னையே வதைச்சுக்கற?" என்று அவர் ஒருமுறை கேட்டார். "உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதன்கிழமை மருத்துவமனைக்குப் போகவேண்டும். மெஷினுக்கென்று வந்த சாம்பல் நிறப் பையைத் தொழிற்சாலைத் துணிப்பை ஒன்றுக்குள் திணித்து எடுத்துப் போவாள். அப்படி ஒரு புதன்கிழமை, எண் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். மடியில் அதே சாம்பல் நிறப் பை. பார்த்தால், கமலநாதன்.

கமலநாதன் அவள் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முப்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மீசை. ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவான். அவன் கண் முதலில் அவள் துணிப்பைக்குப் போனது. பையின் வாயில் வெள்ளைக் குழாயின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் முகம் மலர்ந்தது. தெரியாத ஊரில் சொந்தக்காரரைக் கண்டவன் முகம்.

"ராணிக்கா, நீங்களுமா?"

அவளுக்குப் படகில் கேட்ட சிரிப்பு காதில் விழுந்தது. இவனுக்குத் தெரிந்தால் நாளைக் காலைக்குள் சரக்கு இடத்துக்குத் தெரியும், மத்தியானம் கேண்டீனுக்கு வந்துவிடும்.

"எனக்கில்ல தம்பி" என்றாள். "வீட்டுக்காரரோடது."

"அண்ணனுக்கா? எனக்கும் இதான் அக்கா. ஆஸ்பத்திரில மூணு மாசத்துக்கு எரவல் குடுத்திருக்காங்க, போட்டுப் பார்க்கச் சொல்லி. எட்டு நாளாச்சு, என்னால முடியல. அண்ணன் எப்படி சமாளிக்கறாரு? அவருகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா? நம்பர் குடுங்களேன்."

நம்பர் என்றதும் செல்வராணி குழாயின் முனையைப் பைக்குள் அழுத்தித் திணித்தாள்.

"அவரு எங்க சமாளிச்சாரு. ரெண்டு நாள் போட்டாரு. மூச்சு முட்டுதுன்னு கழட்டி அலமாரில வச்சுட்டாரு. திருப்பிக் குடுக்கலாம்னுதான் கொண்டாந்தேன். சில பேருக்கு இது ஒத்து வராது தம்பி."

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே ரொஹானா கார்டைப் பார்த்துக் கைதட்டாத குறையாக மகிழ்ந்தாள். சென்ற மாதச் சராசரி ஆறு மணி நாற்பது நிமிடம்.

"காக், ஒரு உதவி. புதுசா வர்றவங்களுக்கு நான் ஆயிரம் சொன்னாலும் ஏறாது. போட்டுப் பழகினவங்க சொன்னா ஏறும். வெளியில ஒரு இந்தியத் தம்பி உட்கார்ந்திருக்கான். ரொம்பத் திணறுறான். உங்க பாஷைல ஒரு அஞ்சு நிமிஷம் பேசறீங்களா?"

"வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் செல்வராணி மருந்தகத்துப் பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.

இரண்டு வாரம் கழித்துச் சரக்கு இடத்தில் கமலநாதனே அவளைக் கூப்பிட்டுச் சொன்னான், நல்ல செய்தி சொல்வதுபோல. "குடுத்துட்டேன் அக்கா மெஷின. அண்ணனுக்கே ஒத்து வரலன்னா நமக்கு எங்க? என் வொய்ஃப்தான் சண்டை போட்டா. அண்ணன் கதையச் சொன்னேன், அடங்கிட்டா."

அப்போதும் சொல்லியிருக்கலாம். அங்கே இருவரைத் தவிர யாருமில்லை. இல்லை தம்பி, அது என்னுடையது, ஆறு வாரம் பொறுத்தால் பழகிவிடும் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அவள் வாய் திறப்பதற்கும் லோரி ஒன்று பின்பக்கமாக வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. லோரிமேல் பழியைப் போட்டு, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அதற்குப் பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை, ஆயர் ஈத்தாம் சாலையில் கமலநாதனின் மோட்டார் நேராகப் போய்ச் சாலையோர லொங்காங் சாக்கடையில் விழுந்தது. வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, தோள்பட்டை நழுவல். தலைக்கவசம் உயிரைக் காப்பாற்றியது. நாய் குறுக்கே ஓடியிருக்கும் என்றார்கள் தொழிற்சாலையில். மழை ஈரம் என்றார் இன்னொருவர். அவனை ஏற்றிப்போன ஆள் சொன்னது மட்டும் செல்வராணியின் காதிலிருந்து போகவில்லை. சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லையாம். விழித்திருப்பவன் பிரேக் பிடித்திருப்பான்.

புதன்கிழமை மாலை மனோகரனுடன் பார்க்கப் போனாள். தனியாகப் போகத் தைரியமில்லை. ஆனால் அவரிடம் எதையும் சொல்லவுமில்லை. கமலநாதன் காலில் இரும்புக் கம்பிகளோடு அரைத் தூக்கத்தில் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஷாமளா, மூன்று நாளாகத் தலை சீவாத கோலத்தில். அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். பழச்சாறு போத்தலைச் செல்வராணி கையிலிருந்து வாங்கி வைத்தாள். பிறகு மனோகரனைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்களும் அந்த மெஷின அலமாரில வச்சுட்டீங்களாமே. இவரு சொன்னாரு. நான் தெனம் போடுங்க போடுங்கன்னு கத்திக்கிட்டு இருந்தேன். உங்களுக்கே முடியலன்னு அக்கா சொன்னதும் நான் விட்டுட்டேன். நான் விட்டிருக்கக் கூடாது." அவள் கணவனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "நீங்களாவது போடுங்கண்ணே. கஷ்டமா இருந்தாலும் போடுங்க. இவரப் பாருங்க."

மனோகரன் ஷாமளாவைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். செல்வராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மொசைக் தரையில் கறுப்புப் புள்ளிகள் எத்தனை என்று இப்போது கேட்டாலும் சொல்லுவாள்.

"சரிம்மா" என்றார் மனோகரன். "போடறேன்."

காரில் ஏறிச் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"இவ்வளவு நேரம் அது உன் பொய்யா இருந்துச்சு ராணி" என்றார். "இப்ப அது நம்ம ரெண்டு பேரோட பொய்." பிறகு சாவியைத் திருப்பினார்.

அன்றும் மறுநாளும் செல்வராணி மாஸ்க் போட்டுக்கொள்ளவில்லை. தண்டனை என்று நினைத்தாள். தலைவலி திரும்பி வந்தது. தண்டனையால் கமலநாதனின் காலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது வெள்ளிக்கிழமை காலை, நீர் ஊற்றாமல் கிடந்த மெஷின் தொட்டியைப் பார்த்தபோது உறைத்தது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாம்பல் நிறப் பையை எடுத்தாள். இந்தமுறை துணிப்பைக்குள் திணிக்கவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனபோது எல்லாரும் அதையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் பார்வையாளர் நேரம். கமலநாதன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். செல்வராணி உட்காரவில்லை.

"இது என் வீட்டுக்காரரோடது இல்ல" என்றாள். "என்னோடது. ஒரு வருஷமா போடறேன். நல்லா ஒத்து வருது. அன்னைக்கு ஆஸ்பத்திரில உன்கிட்ட பொய் சொன்னேன் தம்பி. மெஷின் குடுத்துட்டேன்னு நீ சொன்னப்பவும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

கமலநாதன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஏன் அக்கா?"

இதற்கு ஒரு பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். பஸ்ஸில் இரண்டுமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். அது வரவில்லை.

"பொம்பள கொறட்ட விடறான்னு சிரிப்பாங்கன்னு."

கோபத்தைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில் இருந்தது. "அன்னைக்கு உங்களப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இத்தன பேர்ல நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு இருக்குன்னு" என்றான்.

செல்வராணிக்கு அதைவிட ஓர் அறை விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ஷாமளா கட்டிலின் மறுபக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை. வார்டில் மற்ற நோயாளிகள் இருந்தார்கள். "ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு எங்களுக்கு. சிரிப்பாங்கன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். பிறகு, "வெளிய போங்க" என்றாள்.

செல்வராணி வெளியே போனாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். உட்கார நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். கடைசியாக ஷாமளா வந்தாள். அவளைத் தாண்டிப் போய், நாலு அடி வைத்துத் திரும்பினாள்.

"அத எப்படிப் போடறதுன்னு உங்களுக்கு நல்லா தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்கு மறுபடியும் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேஷன் செஞ்ச ஒடம்புக்கு மூச்சு நிக்கக் கூடாதாம். அவருக்கு மாஸ்க்க கண்டாலே பயம். நாளைக்கு வாங்க." அவள் துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல" என்றாள் செல்வராணி.

மறுநாள் முதல் வேலை முடிந்து தினமும் மாலை மருத்துவமனைக்குப் போனாள். ரொஹானாவிடமும் உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது காது மடல் வரை சூடேறியது. ரொஹானா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இரவல் மெஷின் ஒன்றை மறுபடி ஏற்பாடு செய்தாள். பிறகு இருவரும் கமலநாதனின் மீசைமுன் நின்று யோசித்தார்கள். பழைய மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடுவது. மீசைமேல் அது ஒட்டாமல் காற்று கசிந்து கண்ணில் அடித்திருக்கிறது. கசிவை நிறுத்த அவன் வாரை இறுக்க, மூக்குத்தண்டு புண்ணாகியிருக்கிறது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"மீசைய எடுத்துடவா?" என்றான்.

"வேணாம். மூக்குத் துவாரத்துல மட்டும் உட்கார்ற சின்ன மாஸ்க் இருக்கு. அதப் போட்டுப் பார்க்கலாம்" என்றாள் செல்வராணி.

முதல் நாள் குழாய் இல்லாமல் வெறும் மாஸ்க்கைக் கையில் கொடுத்து, அவனே மூக்கில் வைத்து எடுக்கச் செய்தாள். வார்கூட மாட்டவில்லை. இரண்டாம் நாள் காற்றோடு ஐந்து நிமிடம். மூன்றாம் நாள் அவன் திணறிப் பிடுங்கினான். "மூச்சு முட்டுது அக்கா. செத்துடுவேன் போல இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வாய மூடிக்க. உள்ள இழுக்கறதப் பத்தி நெனைக்காத, அத மெஷின் பார்த்துக்கும். நீ வெளிய விடறத மட்டும் மெதுவா விடு. முடியலன்னா கழட்டிடு. கழட்டிட்டு மறுபடி போடு. கழட்டறது தோல்வி இல்ல."

அவன் படுக்கையில் அவள் ஃபோனில் கால்பந்து பார்த்தபடி மாஸ்க் போட்டுப் பழகினான். ஷாமளா மறுபக்கம் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் நிமிடங்களைக் குறித்துக்கொண்டாள். செல்வராணியோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. "வார் எவ்வளவு இறுக்கணும்?" "ரெண்டு வெரல் உள்ள போகணும்." "தண்ணி?" "தெனம் மாத்தணும், கொதிக்க வச்சு ஆறினது." அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு காலையும் அவன் எத்தனை மணி நேரம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவான். ஒரு மணி. ஒன்றரை. நாற்பது நிமிடம். ஜலதோஷத்தில் மூன்று நாள் சுழியம். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ஐந்து மணி இருபது நிமிடம் என்று வந்தது. அந்தச் செய்தியின் கீழே ஷாமளா ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'காலையில் அவரே பிள்ளைகளை எழுப்பினார்.' செல்வராணி அதைத் தையல் வரிசை நடுவில் நின்று படித்தாள். சந்தோஷப்பட்டுக்கொள்ளத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

கமலநாதனின் வலது கால் அரை இன்ச் குட்டையாகிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் இனி வேண்டாம் என்று கம்பெனி அவனை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறது. அவனுக்கு வருத்தம்தான். நொண்டி நொண்டி அவன் வரிசையைக் கடக்கும்போதெல்லாம் செல்வராணி வேலையை நிறுத்திவிடுவாள். "என்னக்கா, பழசையே நெனச்சுக்கிட்டு" என்பான். அவன் என்றோ மன்னித்துவிட்டான். அதனால் ஒன்றும் எளிதாகிவிடவில்லை.

ஒரு காரியம் மிச்சம் இருந்தது. கமலநாதன் வாயிலிருந்து தொழிற்சாலை முழுக்க மனோகரனுக்குத்தான் அந்த நோய் என்று பரவியிருந்தது. கேண்டீனில் வெள்ளையம்மா என்கிற மூத்த தையல்காரி ஒருநாள் அக்கறையாகக் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரரு இப்ப மெஷின் போடறாரா?" சுற்றி ஏழெட்டுப் பேர். செல்வராணி தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். படகுல நீங்கல்லாம் கேட்டீங்களே, அதான் அந்த நோய்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். இரண்டு பேர் நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பு முன்பு எவ்வளவு வலித்ததோ அவ்வளவே இப்போதும் வலித்தது. இதற்குப் பயந்துதான் ஒருவனை லொங்காங் வரை அனுப்பினோம் என்று நினைத்தவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கை கழுவும் இடத்தில் வெள்ளையம்மா பக்கத்தில் வந்து நின்று, தன் மகன் தூங்கும்போதும் இப்படித்தான் சத்தம் நின்று நின்று வருகிறது, எங்கே காட்டவேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

இப்போது மாதத்தில் முதல் புதன்கிழமை செல்வராணி விடுப்பு எடுத்துக்கொள்கிறாள். புதிதாக மெஷின் வாங்கியவர்கள் ஐந்தாறு பேரை ரொஹானா ஓர் அறையில் உட்கார வைப்பாள். செல்வராணி தன் மாஸ்க்கை எல்லார் முன்னாலும் மாட்டிக் காட்டுவாள். அதற்கு முன்பு, தமிழ் தெரிந்தவர்களுக்குத் தமிழிலும் மற்றவர்களுக்கு மலாயிலும், தான் சொன்ன பொய்யைச் சொல்லுவாள். அது தேவையில்லை, நேரே பயிற்சிக்குப் போகலாம் என்று ரொஹானா பலமுறை சொல்லிவிட்டாள். செல்வராணி கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் வெட்கம் பிடுங்கித் தின்னும். பழகிவிடும் என்று முதலில் எதிர்பார்த்தாள். இப்போது எதிர்பார்ப்பதில்லை.

சென்ற மாதம் வந்தவர்களில் கனகம்மா என்று ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், எழுபது வயதை நெருங்கியவர், மடிப்புக் கலையாத பருத்திச் சேலை. கூட்டம் முழுக்க வாயே திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"என் மகளுக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை" என்றார். "கேட்டால் காது மெஷின் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்."

"சொல்லலாம் டீச்சர். நம்புவாங்க. அதான் கஷ்டமே" என்றாள் செல்வராணி.

கனகம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். செல்வராணி மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்து, மூக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றவேண்டியிருந்தது. வெள்ளைத் தலைமுடி வாருக்குள் சிக்கியது. அதை மெல்ல விடுவித்துக் கொடுத்தாள். கிளம்பும்போது தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

"காலைல எத்தன நிமிஷம்னு மட்டும் அனுப்புங்க. கொறைவா இருந்தாலும் பரவால்ல. உள்ளத அனுப்புங்க."

மறுநாள் காலை தொழிற்சாலை மணி அடிப்பதற்கு முன் செய்தி வந்தது. நிறுத்தற்குறிகள்கூடப் பிசகாத டீச்சர் தமிழில்: 'பதினொரு நிமிடம். பிறகு கழற்றிவிட்டேன்.'

செல்வராணி வரிசை ஓரத்தில் நின்று பதில் தட்டினாள். 'நான் மொத நாள் பத்துதான் டீச்சர். இன்னிக்கு மத்தியானம் டிவி பார்க்கறப்ப போடுங்க.' அனுப்பிவிட்டு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.